பாலே: கம்பருகே பழகும் பாதம்

பாலே வகுப்பு, சுவரோரம் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் பொருத்திய ‘பார்’ என்ற கம்பருகேதான் தொடங்குகிறது. அதைப் பிடித்துத் தொங்கக் கூடாது; விரல்கள் லேசாகப் படிந்திருந்தால் போதும். முதலில் முழங்காலை மடக்கி நிமிரும் ப்ளியே. பிறகு பாதத்தைத் தீட்டும் தாந்து.

தாந்துவில் கால் தரையை உரசியபடியே நீள்கிறது. முதலில் குதிகால் எழும், அடுத்து பாதத்தின் முன்பகுதி. விரல்நுனி மட்டும் தரையை விடாது. திரும்பும்போது இதே வரிசை தலைகீழாகும். பார்வைக்குச் சின்ன அசைவுதான், ஆனால் தாவலுக்கு வேண்டிய பாத பலம் இங்கேதான் சேரத் தொடங்குகிறது. நீட்டிய பாதம் உள்நோக்கி அரிவாள்போல் வளைந்தால் பிழை. அந்த வளைவோடு தாவி இறங்கினால் கணுக்கால் பிசகக்கூடும்.

காலை வெளிப்புறம் திருப்புவது இடுப்பு மூட்டிலிருந்து நடக்க வேண்டும். புதியவர்கள் பலர் பாதத்தை மட்டும் திருப்பிவிட்டு முழங்காலை மறந்துவிடுகிறார்கள். சுமை முட்டியின் உட்புறத்தில் விழுகிறது. ப்ளியேயில் முட்டி இரண்டாம் விரலுக்கு நேர்மேலே வருகிறதா என்று பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். 180 பாகைத் திருப்பம் எல்லா இடுப்புக்கும் வாய்ப்பதில்லை. எலும்பின் அமைப்பை அதட்டி மாற்ற முடியாது.

ரஷ்ய ஆசிரியை அக்ரிப்பினா வகனோவா 1934இல் வெளியிட்ட பாடநூல் இப்பயிற்சிகளை முறைப்படுத்தியது. அவர் வழியில் தொடக்க மாணவர்கள் கம்பை நோக்கி நின்று, இரு கைகளாலும் பிடித்து, மெதுவான தாளத்தில் பழகுகிறார்கள். வேகம் பின்னரே கூட்டப்படுகிறது.