கொலு பொம்மை வாங்கப் போறீங்களா? முந்துங்க... ஆனா உஷாரா வாங்குங்க!

மதுரை: ஆவணி பிறந்தாலே போதும், கொலு வைக்கும் வீடுகளில் பேச்சு ஆரம்பித்து விடும். "இந்த வருஷம் என்ன புது செட் வந்திருக்கு?" என்பதுதான் அந்தப் பேச்சு. மேலவெளி வீதி பூம்புகாரில் கண்காட்சி எப்போது திறக்கும் என்று விசாரிப்பவர்கள் ஒரு பக்கம். திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரிக்கே நேரில் போய், வர்ணம் காய்ந்ததும் காயாததுமாக அள்ளி வருபவர்கள் இன்னொரு பக்கம்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. கொலு பொம்மை வருஷம் முழுக்க அடுக்கி வைத்து விற்கும் சரக்கு இல்லை. சீசன் சில வாரம்தான். புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் படி கட்டியாக வேண்டும். அதிலும் புது செட் என்றால் கொஞ்சமாகத்தான் வரும். "நாளைக்கு வந்து வாங்கிக்கலாம்" என்று விட்டுவிட்டுப் போனால், நாளைக்கு அந்த இடம் காலி!

ஏன் கொஞ்சமா வருது?

எல்லாம் அச்சு செய்யும் வேலை. கண்மாய் களிமண்ணை ஊற வைத்து, கல் பொறுக்கி, காலால் மிதித்துப் பதமாக்குகிறார்கள். முன்பக்கம் ஒரு அச்சு, முதுகுப்பக்கம் ஒரு அச்சு. இரண்டிலும் மண்ணை அழுத்தி, ஒட்டி, நிழலில் காய வைத்து, சூளையில் சுட வேண்டும். அப்புறம் வெள்ளை அடித்து, வர்ணம் பூசி, கடைசியாகத்தான் கண் எழுதுவார்கள்.

ஒரே அச்சில் திரும்பத் திரும்ப எடுத்தால் மூக்கும் விரலும் மழுங்கிப் போகும். மறுபடி புது அச்சு போடணும். அதற்குக் காசு வேணும். அந்த வருஷம் ஓடும் பொம்மை அடுத்த வருஷமும் ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் புது செட்டை அளவாகத்தான் போடுகிறார்கள். போட்டது தீர்ந்தால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

மழை வந்துவிட்டால் இன்னும் சிக்கல். சரியாகக் காயாத பொம்மையை சூளையில் வைத்தால் விரிசல் விடும். பத்து நாள் உழைப்பு ஒரு ராத்திரியில் வீண்.

அத்திவரதர் போட்ட போடு!

புது செட்டுக்கு எவ்வளவு கிராக்கி என்பதற்கு 2019-ம் வருஷம் நல்ல உதாரணம். காஞ்சிபுரத்தில் 40 வருஷத்துக்கு ஒருமுறை குளத்தில் இருந்து வெளியே வரும் அத்திவரதர், அந்த வருஷம் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை தரிசனம் தந்தார். ஜூலை முழுக்க சயன கோலம், ஆகஸ்ட் 1 முதல் நின்ற கோலம்.

நவராத்திரி செப்டம்பர் 29-ல் ஆரம்பம். நடுவில் ஆறே வாரம்! அதற்குள் படுத்த கோலத்துக்கு ஒரு அச்சு, நின்ற கோலத்துக்கு ஒரு அச்சு என்று பொம்மைக்காரர்கள் ராப்பகலாக வேலை பார்த்தார்கள். கூட்டத்தில் போய் தரிசிக்க முடியாதவர்கள்கூட பொம்மையை வாங்கி வைத்து கும்பிட்டார்கள். அந்த வருஷக் கொலுவின் ஹீரோ அத்திவரதர்தான்.

இப்படி அந்தந்த வருஷம் ஊர் பேசுவது எல்லாம் படிக்கு வந்துவிடும். அப்துல் கலாம் வந்தார், கிரிக்கெட் வீரர்கள் வந்தார்கள், சந்திரயான் வந்தது, கொரோனா காலத்தில் டாக்டர், நர்ஸ் பொம்மையும் வந்தது. தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை இதெல்லாம் எப்போதும் கிடைக்கும். இந்த மாதிரி 'அந்த வருஷத்து' பொம்மை மட்டும் விட்டால் போச்சு.

எங்கே வாங்கலாம்?

பூம்புகார் என்பது தமிழக அரசின் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் நடத்தும் கடை. 1973-ல் ஆரம்பித்த கழகம் இது. இங்கே விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் பொம்மைகளோடு கொல்கத்தா மண் பொம்மை, ஆந்திராவின் கொண்டபள்ளி மர பொம்மை என்று வெளியூர் சரக்கும் ஒரே இடத்தில் பார்க்கலாம். விலை ஒட்டியிருக்கும், பில் கிடைக்கும். பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு இது நிம்மதி.

விளாச்சேரியில் செய்கிறவர் வீட்டிலேயே வாங்கலாம். நடுவில் ஆள் இல்லாததால் விலை கட்டுப்படியாகும். கை ஒடிந்த பழைய பொம்மையை ஒட்டி வர்ணம் அடித்துத் தர முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

நடைபாதைக் கடையில் வாங்குவது தப்பில்லை. ஆனால் அங்கே பில்லும் கிடையாது, மாற்றித் தருவதும் கிடையாது. நின்று நிதானமாகப் பார்த்து வாங்கணும்.

மண்ணா, கூழா, மாவா?

பொம்மை வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான். சுட்ட மண் பொம்மை கனமாக இருக்கும், பத்திரமாக வைத்தால் தலைமுறைக்கும் வரும். காகிதக்கூழ் பொம்மை லேசு. பரணில் ஏற்றி இறக்க வசதி, ஆனால் தண்ணீர் ஆகாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவில் செய்தது பார்க்க வழவழப்பாக இருக்கும். ஓரத்தில் லேசாக இடித்தாலே பெயர்ந்து வெள்ளை தெரியும். மாவு பொம்மையை மண் பொம்மை என்று சொல்லி விற்கும் ஆளும் உண்டு, உஷார்!

* பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. சுட்ட மண் என்றால் செங்கல் நிறம் தெரியும். வெள்ளை வெளேர் என்று இருந்தால் மாவு.

* விரலால் லேசாகத் தட்டுங்க. நல்லா வெந்த மண் 'டங்' என்று கேட்கும். விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கிப் போகும்.

* மூக்கு, விரல், காது பாருங்க. தெளிவாக இருந்தால் புது அச்சில் எடுத்தது. மழுங்கி இருந்தால் தேய்ந்த அச்சு. அதற்கு ஏற்ற மாதிரி விலையைக் குறைத்துக் கேளுங்க.

* வர்ணத்தைத் தொட்டுப் பாருங்க. பிசுபிசுத்தால் காயவில்லை. அப்படியே பேப்பரில் சுற்றினால் ஒட்டிக்கொள்ளும்.

* செட் என்றால் எத்தனை உருப்படி என்று கேட்டு, எண்ணி வாங்குங்க. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரர் இருப்பார், தவில்காரர் இருக்க மாட்டார்!

கடைசி நாள் கணக்கு

சரஸ்வதி பூஜை நெருங்கினால் விலை இறங்கும் என்று காத்திருப்பவர்கள் நிறைய. அது உண்மைதான். மிஞ்சிய சரக்கை மூட்டை கட்டித் தூக்கிப் போவதைவிட வந்த விலைக்குத் தள்ளுவதே மேல் என்று கடைக்காரர் நினைப்பார். ஆனால் அப்போது கிடைப்பது மிஞ்சியது மட்டும்தான். தேடி வந்த செட் இருக்காது, இருந்தால் ஒரு உருப்படி குறையும்.

கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் கையில் காசு வரும்போதுதான் வாங்க முடியும். அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. படி எத்தனை என்பது முக்கியமில்லை, மூணு படி போதும். டிரங்குப் பெட்டி மேல் பலகை போட்டு, வெள்ளை வேட்டி விரித்தாலும் கொலு கொலுதான். வருஷத்துக்கு ஒரே ஒரு புது பொம்மை என்று வைத்துக்கொண்டால், அந்த ஒன்றை சீசன் தொடக்கத்திலேயே பிடித்ததாகப் பார்த்து வாங்கிவிடலாம். மீதிக்கு கடைசி நாள் விலையை நம்பலாம்.

அட்வான்ஸ் கொடுத்தா ரெண்டு பேருக்கும் லாபம்

பொம்மை செய்கிறவர் மண், விறகு, வர்ணம் எல்லாவற்றுக்கும் முதலிலேயே காசு போடணும். வருமானம் வருவதோ புரட்டாசியில். நடுவில் கை கொடுப்பது வட்டிக் கடன்தான். உதாரணத்துக்கு, 10 ஆயிரம் ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 300 ரூபாய். ஆறு மாதத்தில் 1,800 ரூபாய் வட்டிக்கே போய்விடும். மழையில் சூளை கெட்டால் அந்தக் கடன் அடுத்த வருஷத்துக்கும் தொடரும்.

அதனால் ஆடி, ஆவணியிலேயே விளாச்சேரிக்குப் போய், வேண்டிய செட்டைச் சொல்லி, முடிந்த அட்வான்ஸ் கொடுத்தால் அவருக்கு அந்த அளவுக்குக் கடன் குறையும். நமக்கு செட் உறுதி. என்ன பொம்மை, எத்தனை உருப்படி, எவ்வளவு கொடுத்தோம், மீதி எவ்வளவு, என்றைக்கு வாங்க வரணும் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக் கொள்ளுங்க. அட்வான்ஸ் கொடுத்ததைவிட ஒரு வாரம் முன்கூட்டியே போய்ப் பார்த்து வந்தால் இன்னும் நல்லது.

நவராத்திரி முடிந்ததும் இதே கைகள் கிறிஸ்துமஸ் குடிலுக்கு குழந்தை ஏசு, மாதா, ஆட்டுக்குட்டி செய்ய உட்கார்ந்துவிடும். கொலுவில் வந்த காசுதான் அதற்கு முதல். கொலுவில் இடித்தால் குடிலிலும் இடிக்கும்.

எடுத்து வைக்கும்போது...

விஜயதசமி முடிந்து பொம்மையைப் படுக்க வைத்து எடுக்கும்போதுதான் பாதி உடையும். ஈரத் துணியால் துடைக்காதீங்க. காய்ந்த துணியில் தூசி தட்டி, பழைய வேட்டி, சேலைத் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்க. பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வியர்த்து வர்ணம் போகும். கனமானது கீழே, லேசானது மேலே. பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்தால் ஈரம் ஏறாது.

பெட்டி மேல் எந்த செட், எத்தனை உருப்படி என்று எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த ஆவணியில் என்ன வாங்கணும் என்ற பேச்சுக்கும் பதில் ரெடி!