குறி தவறாத கதிர்

முதுமையடைந்த ஆண்களை வருத்தும் நோய்களுள் புரோஸ்டேற் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயும் ஒன்றாகும். பெரியதொரு பாக்கின் பருமனே உள்ள இச்சுரப்பி, சிறுநீர்ப்பையின் கீழே, நேர்குடலின் முன்னே நெருக்குண்டு கிடக்கின்றது. கதிரினாலே நோயை அழிக்க முயலும் வைத்தியருக்கு இவ்விரு அயலுறுப்புகளுமே பெருஞ் சங்கடம். போதிய கதிரைச் செலுத்தினால் நேர்குடல் புண்பட்டு இரத்தங் கசியக்கூடும். அதற்கு அஞ்சிக் கதிரைக் குறைத்தாலோ நோய் எஞ்சிவிடும். வைத்தியர் எத்துணை வல்லவராயினும் கருவி கூர்மையற்றதாயின் இந்த இக்கட்டு நீங்காது.

1951 ஆம் ஆண்டிலே கனடாவில் கோபாற்று-60 கொண்டு முதன்முதல் சிகிச்சை அளித்தனர். தோலைச் சுட்ட பழைய எக்ஸ்கதிர்களைப் போலன்றி, கோபாற்றின் கதிர் உடலின் ஆழத்தை எட்டியது. ஆயினும் அதன் மூலப்பொருள் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அகலமுடையது. தீப்பந்தத்தின் முன் கையை நீட்டினால் சுவரிலே நிழலின் ஓரம் மங்கித் தெரியுமன்றோ? கோபாற்றுக் கதிரின் விளிம்பும் அத்தகையதே. மேலும், 5 ஆண்டுகளுக்குச் சிறிது மேலாகையில் அதன் வலு பாதியாகிவிடும். அப்போது, முன்பு ஒரு நிமிடத்திற் கிடைத்த கதிருக்கு நோயாளி இரண்டு நிமிடம் அசையாது கிடத்தல் வேண்டும்.

நேர்கோட்டு ஆர்முடுக்கியின் இயல்பு வேறு. இலத்திரன்களை விரைவுபடுத்தி உலோகத்தில் மோதவிட்டு எக்ஸ்கதிரைப் பிறப்பிப்பது இது. 1953 இல் இலண்டன் ஹமர்சிமித் வைத்தியசாலையிலே முதன்முதல் நோயாளியொருவருக்குப் பயன்பட்டது. இதன் கதிர் சில மில்லிமீற்றர் அளவான புள்ளியிலிருந்து புறப்படுவதால் விளிம்பு தெளிவானது. பிற்காலத்திலே, கணினி ஏவலால் நகரும் மெல்லிய தங்குதன் தகடுகள் பொருத்தப்பெற்றபின், கதிரைச் சுரப்பியின் வடிவுக்கேற்பவே வெட்டியெடுக்கவும் முடிந்தது.

இத்தனைக்கும் பிறகு, குறியே நகர்ந்துவிட்டால் என் செய்வது? நேர்குடலிலே சிறிது வாயு சேர்ந்தாலும் சுரப்பி சில மில்லிமீற்றர் இடம்பெயரும். ஆகவேதான் நோயாளியைக் குடலை வெறுமையாக்கி, அளவாக நீர் அருந்தி வரச்சொல்கின்றனர். அதைக் கேட்டு எரிச்சலடையும் பெரியவர்கள் காரணத்தை அறிந்தால் பொறுத்துக்கொள்வர். சுரப்பியினுள்ளே நுண்ணிய பொன்மணிகளைப் பதித்து, கதிரைச் செலுத்துமுன் படம்பிடித்து அவை இருக்குமிடத்தைச் சரிபார்ப்பதும் உண்டு.

இக்கூர்மையினால் விளைந்த பயன் சிறிதன்று. பிரித்தானியாவிலே 3,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2016 இல் வெளியிடப்பெற்ற ஆய்வொன்றில், 37 முறையாகக் கொடுத்த 74 கிரே அளவுக்கு, 20 முறையாகக் கொடுத்த 60 கிரே எவ்வகையிலும் தாழ்ந்ததன்று எனத் தெரிந்தது. தூரத்து ஊரிலிருந்து வந்து, பட்டினத்திலே அறையெடுத்துத் தங்கும் கமக்காரனுக்குப் பதினேழு நாட் கூலியும் வாடகையும் மிச்சம். அவன் விட்ட நேரத்தில் இன்னொருவனுக்குக் கட்டில் கிடைக்கும்.

எனினும், கோபாற்றை இகழ்வது தகாது. மின்சாரம் தளம்பும் இடத்திலும் அது ஓயாமல் உழைக்கும். ஆர்முடுக்கியோ சீரான மின்சாரமும் குளிரூட்டலும், அளந்து சரிபார்க்கும் பௌதிகவியலாளரும், பழுதுபார்க்கும் பொறியியலாளரும் வேண்டிநிற்பது. உதிரிப்பாகமொன்று கடல்கடந்து வருமட்டும் இயந்திரம் மூடிக்கிடந்தால், பாதியிலே நின்ற சிகிச்சையின் நட்டம் நோயாளியையே சாரும். வாங்கும் பணத்தை ஒதுக்கும்போதே பராமரிப்புப் பணத்தையும் ஒதுக்குதல் வேண்டும்.