மூப்பும் பெருநாடியும்

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் ஆயுளெல்லாம் கொழுந்தெடுத்த முதியவள் ஒருத்தி, லயத்துக்கு ஏறும் படிகளில் இருமுறை நின்று மூச்சு வாங்கினால், பார்ப்போர் அதனை ‘வயது’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவர். அந்த வயது உடலின் எவ்விடத்தில் குடிகொண்டது என்று கேட்பார் இல்லை. இரத்தச் சோகையாகவும் இருக்கலாம், நெஞ்சு நோயாகவும் இருக்கலாம். ஆயினும் பலரிடத்தில் அது பெருநாடியில் குடியிருக்கிறது.

இருதயம் விட்டுவிட்டே இரத்தத்தைத் தள்ளுகிறது. இரத்தமோ இடையறாது ஓடுகிறது. இஃது எவ்வாறு? குதிரையின் நாடியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் 8 அடி 3 அங்குலம் எழக் கண்ட ஆங்கிலப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், 1733-இல் இதற்கு விடை எழுதினார். தீயணைக்கும் பொறியிலுள்ள காற்றறை போன்றது நாடி என்றார். இருதயம் தள்ளும்போது பெருநாடி விரிந்து இரத்தத்தின் ஒரு பகுதியை ஏந்திக்கொள்கிறது. இருதயம் ஓயும்போது சுருங்கி அதனை முன்செலுத்துகிறது. சுமையில் பாதியைத் தோள்மாற்றிக்கொள்ளும் தோழி என்னலாம்.

அத்தோழிக்கு நெகிழ்ச்சி தருவது இலாஸ்டின் என்னும் இழை. கருவிலும் இளமையிலும் நெய்யப்படும் அவ்விழை பின்னர் புதிதாக உண்டாவது மிக அரிது. ஆண்டொன்றுக்கு மூன்றரைக் கோடி துடிப்புக்குமேல் தாங்கி அது நைகிறது. அங்கே விறைப்பான கொலாஜன் மிகுகிறது. விரிய மறுக்கும் குழாயில் மேலழுத்தம் ஏறுகிறது, கீழழுத்தம் இறங்குகிறது. இளமையில் நாடியலை எதிரொலித்து மீளும் வேளை இருதயம் ஓய்ந்திருக்கும். மூப்பிலோ, தள்ளிக்கொண்டிருக்கும்போதே அலை திரும்பி வந்து மோதுகிறது. இருதயச் சுவர் தடிக்கிறது; தளர்ந்து நிரம்பும் ஆற்றல் குன்றுகிறது. சமதரையில் தெரியாத இக்குறை ஏற்றத்தில் மூச்சிரைப்பாக வெளிப்படுகிறது.

மலையேற்றம் பகையன்று, நடந்த உடலில் நாடி மெதுவாகவே விறைக்கும். பகை வேறிடத்தில் உள்ளது: கருவாட்டிலும் சம்பலிலும் சேரும் உப்பு, சுருட்டு, கவனியாத நீரிழிவு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிதான்.

முதியோர்க்கு மேலழுத்தம் ஏறுவது இயல்பென்று வைத்தியர்களே நெடுங்காலம் வாளாவிருந்ததும் உண்டு. 1991-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று அந்த எண்ணத்தை அசைத்தது. அறுபது வயது கடந்த, மேலழுத்தம் மட்டும் மிகுந்த 4,736 பேரை அது ஆராய்ந்தது. மலிவான நீரிறக்கி மாத்திரையில் தொடங்கிய சிகிச்சை, பக்கவாதத்தை 36 சதவீதம் குறைத்தது. தோட்டத்து வைத்தியசாலையின் சாதாரண அழுத்தமானியே இதனைக் கண்டறியப் போதும். “கீழே உள்ளது சரியாயிருக்கிறது” என்று துண்டுச் சீட்டை மடிக்குமுன், மேலே எழுதிய எண் என்னவென்று வீட்டிலுள்ள படித்த பிள்ளை பார்க்கட்டும்.