தப்பு எப்போது சிகிச்சையாகிறது?

அப்பாயி இறந்தபோது எனக்குப் பதினொரு வயது. ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், லயத்து வாசலில், தப்பு அடிக்க வந்தவர்கள் முதலில் நெருப்பு மூட்டினார்கள். மலை ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். சூடேற்றினால்தான் அது இறுகி ஓசை தரும். காலையிலிருந்து சுவரில் சாய்ந்தபடி ஒரு சொல்லும் பேசாமல் இருந்த அப்பா, முதல் அடி விழுந்ததும் உடைந்து அழுதார். அவரை அழவைத்தது எது என்று அன்று நான் யோசிக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, மாத்தளை நகரில் நடந்த ஒருநாள் செயலமர்வுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். மேளம் வாசித்து மனஅழுத்தத்தைக் குறைப்பதுதான் தலைப்பு. எல்லோரையும் வட்டமாக இருத்தி ஆளுக்கொரு மேளம் கொடுத்தார்கள். காலை முழுவதும் சிரிப்பும் கைதட்டலுமாகப் போனது. பிற்பகலில் வளவாளர், தோட்டத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவரிடம், "உங்கள் ஊர்த் தாளம் ஒன்றை வாசியுங்கள்" என்றார். அந்தத் தம்பி தனக்கு நன்றாகத் தெரிந்ததை வாசித்தார். அது சாவு அடி. வளவாளருக்கு அது தெரியவில்லை. எல்லோரையும் சேர்ந்து வாசிக்கச் சொன்னார். சில மாதங்களுக்கு முன் கணவரைப் பறிகொடுத்த அக்கா ஒருவர் எழுந்து வெளியே போனார். அவருக்குப் பின்னால் யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

வளவாளரின் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. மேளம் அடிப்பதற்கும் மேளத்தால் சிகிச்சை செய்வதற்கும் இடையில் என்ன வேறுபாடு?

முதலில், மேளம் உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சீரான தாளம் கேட்கும்போது நம்மை அறியாமலே கால் ஆடுகிறது. கேட்கும் புலனும் உடலை அசைக்கும் மூளைப் பகுதிகளும் நெருங்கிய தொடர்பு கொண்டிருப்பதே அதற்குக் காரணம். பார்க்கின்சன் நோயில், அசைவுக்கு நேரம் குறிக்கும் உள்ளேயுள்ள கடிகாரம் பலவீனமடைகிறது. நடை குறுகித் தடுமாறுகிறது. அப்போது வெளியிலிருந்து வரும் தாளம் அந்தக் கடிகாரத்துக்குத் துணையாக நிற்கிறது. 1996இல் அமெரிக்காவில் மைக்கேல் தோட்டும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், தாளத்துக்கு நடந்து பயிற்சி செய்த நோயாளிகளின் நடை வேகமும் அடியின் நீளமும் கூடின. இதில் சிகிச்சையாளரின் வேலை நுணுக்கமானது. நோயாளி நிமிடத்துக்கு 80 அடி வைத்தால் தாளமும் 80இலேயே தொடங்கும். கால் அதற்குப் பழகிய பின்னரே வேகம் சிறிது சிறிதாகக் கூட்டப்படும்.

மனநலத்திலும் ஆய்வுகள் உண்டு. லண்டனில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், மனநல சேவைகளை நாடியிருந்தவர்கள் 10 வாரங்கள் குழுவாக மேளம் வாசித்தார்கள். அவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. ஆனால் அது சிறிய குழுவை வைத்துச் செய்த ஆய்வு. குணம் தந்தது மேளமா, வாரந்தோறும் கூடியிருந்த நட்பா என்று பிரித்துச் சொல்வது கடினம். "மேளம் நோய் தீர்க்கும்" என்று துண்டுப்பிரசுரம் அடிப்பவர்கள் இந்த இரண்டாவது பகுதியைச் சொல்வதில்லை.

மேளத்தைப் பேச்சுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் வழியும் உண்டு. 1959இல் இங்கிலாந்தில் போல் நோர்டோஃப், கிளைவ் ரொபின்ஸ் இருவரும் பேச்சு வராத, தொடர்புகொள்ளச் சிரமப்படும் பிள்ளைகளுடன் வேலை செய்யத் தொடங்கினார்கள். பிள்ளைக்கு மேளம், நோர்டோஃபுக்குப் பியானோ. பிள்ளை எப்படி அடிக்கிறது, எங்கே நிறுத்துகிறது, தாளம் மாறும்போது கூடவே வருகிறதா, விலகுகிறதா என்பதைக் கூர்ந்து கேட்டு, அதற்குப் பதிலாக வாசித்தார். இன்றைய சிகிச்சையாளர்களும் இதே வழியில் போகிறார்கள். எதிரிலிருப்பவரின் மனநிலைக்கு ஏற்ற வேகத்தில் தொடங்கி, அவரோடு சேர்ந்து, மெல்ல வேறோர் இடத்துக்கு நகர்கிறார்கள். துயரத்தில் இருப்பவரை எடுத்த எடுப்பிலேயே உற்சாகத் தாளத்துக்குள் தள்ளுவதில்லை.

இதற்காகத்தான் நீண்ட பயிற்சி. அமெரிக்காவில் இசைச் சிகிச்சையாளராக வேண்டுமானால் பட்டப்படிப்புடன் 1200 மணித்தியால மேற்பார்வைப் பயிற்சியும், பின்னர் ஒரு தகுதிகாண் பரீட்சையும் வேண்டும். பிரித்தானியாவில் பதிவு பெறாத ஒருவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதைச் சட்டம் தடுக்கிறது. இத்தகைய பயிற்சியில் வாத்தியம் ஒரு பகுதிதான். உளவியல், உடற்கூற்றியல், ஒவ்வொரு அமர்வையும் பதிவு செய்தல், மூத்தவர் ஒருவரிடம் தன் வேலையைத் திறந்து காட்டுதல், யாருக்கு மேளம் ஆகாது என்று கண்டறிதல் ஆகியவையும் அதில் அடங்கும். ஓசையைத் தாங்க முடியாத ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கும், குண்டுச் சத்தம் இன்னும் காதில் நிற்கும் போர் கண்டவருக்கும் திடீரென விழும் ஒரு பலத்த அடி ஆறுதலாக இருக்காது. நமக்கு அருகில், புதுச்சேரியின் ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசைச் சிகிச்சைக்கென ஒரு கல்வி, ஆய்வு மையம் இயங்குகிறது.

ஆனால் மாத்தளையில் வேலை செய்யப் போகிறவருக்கு அந்தப் பாடத்திட்டங்கள் மட்டும் போதாது.

இங்கே தாளத்துக்குப் பொருள் இருக்கிறது. சாவுக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, காமன் கூத்துக்கு ஓர் அடி. தூரத்தில் கேட்டாலே என்ன நடக்கிறதென்று தோட்டத்து ஆட்கள் சொல்லிவிடுவார்கள். சில அடிகளுக்குச் சிலர்மீது சாமி வந்துவிடும். அதைக் கண்டு பதறி நோயென்று எழுதுவதா, ஆறுதலான கையோடு பக்கத்தில் நிற்பதா என்பது சிகிச்சையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிங்களக் கிராமங்களிலும் இதே நிலைதான். கண்டிய மரபின் கொஹொம்ப கங்காரிய சடங்கில் மேளமும் ஆட்டமும் நோய்நொடி நீக்கத்தோடு சேர்ந்தே வந்திருக்கின்றன.

தப்பு சுமக்கும் சுமைகள் வேறும் உண்டு. விடியுமுன் ஆட்களைப் பிரட்டுக்கு அழைத்ததும் ஒரு காலத்தில் இதே தப்புத்தான். ஆகவே சில முதியவர்களுக்கு அது கங்காணியின் குரலாகவும் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாகச் சாதி இருக்கிறது. சாவு வீட்டில் தப்படிப்பது ஒரு சாதியாரின் கடமையாகச் சுமத்தப்பட்டது. அந்த அவமானத்தாலேயே அதைத் தொட மறுத்த பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். வட்டத்தில் ஒருவர் கையில் தப்பைக் கொடுப்பது, நாலு பேர் முன்னால் அவருடைய சாதியைக் கேட்டதற்குச் சமமாகிவிடலாம். மற்றொருவர் அதை வாங்க மறுத்தால், அதன் காரணம் கூச்சமாக இல்லாமலும் இருக்கலாம்.

இதே வாத்தியம் தலைநிமிரவும் வைத்திருக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையிலெடுத்து மேடையேறினார்கள். மட்டக்களப்பில் மூன்றாவது கண் அமைப்பினர் பறைமேளக் கூத்தைக் கலைஞர்களோடு இணைந்து மீட்டெடுத்தார்கள். 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இவற்றைச் சிகிச்சை என்று யாரும் அழைக்கவில்லை. ஆனால் எந்த மேளத்தை, யார், எந்த மரியாதையோடு வாசிக்கிறார் என்பதைப் பொறுத்து அது காயமாகவும் மருந்தாகவும் மாறலாம் என்பதை இவை காட்டுகின்றன.

அப்படியானால் இங்கே என்ன செய்யலாம்? வைத்தியசாலைகளின் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் பிரதேச செயலகங்களின் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் ஏற்கெனவே களத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கான பயிற்சியில் தாளத்தையும் சேர்க்கலாம். அந்தப் பயிற்சியில் தப்புக் கலைஞர்கள் ஆசிரியர்களாக, ஊதியத்தோடு அமர வேண்டும். எந்த அடி எதற்கு என்பது அவர்களிடம்தான் இருக்கிறது. கடைசி நிமிடத்தில் வந்து இரண்டு பாட்டு வாசித்துவிட்டுப் போகும் விருந்தினர்களாக மட்டும் அவர்களை அழைப்பது பழைய அவமதிப்பின் தொடர்ச்சியே.

உங்கள் பாடசாலைக்கோ தோட்டத்துக்கோ யாராவது மேளச் சிகிச்சை என்று வந்தால், நாலு கேள்வி கேளுங்கள். எங்கே படித்தீர்கள்? உங்களை மேற்பார்வை செய்பவர் யார்? எங்கள் ஊர் அடிகளைப் பற்றி யாரிடம் கேட்டீர்கள்? ஒருவர் அழுதுகொண்டு எழுந்து போனால், அவருக்குப் பின்னால் போகப்போவது யார்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவர் நல்ல மேளகாரராக இருக்கலாம். அவர் கையில் மனக்காயம் உள்ள ஒருவரை ஒப்படைக்க முடியாது.

அப்பாயியின் சாவில் அப்பா அழுதபோது, அடித்துக்கொண்டிருந்தவர்களில் மூத்தவர் அவர் முகத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். அப்பா அழுது முடியும்வரை அந்த மெதுவான அடியிலேயே நின்றார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போனவரில்லை. சாவு வீட்டில் அவருக்குத் தேநீர் கொடுத்தது தனிக் குவளையில்.