ஒளியைச் சேமிக்கும் கண்

சிறுதுளி பெருவெள்ளம் என்பர் பெரியோர். இம்முதுமொழி மழைநீருக்கு மட்டுமன்றி ஒளிக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அறிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் தேவதானம். ஓர் இரவு மின்சாரம் நின்றதும் மொட்டைமாடிக்குச் சென்றோம். தாத்தா கிழக்கு வானில் செந்நிறமாய் ஒளிர்ந்த திருவாதிரையைக் காட்டினார். அதன் வலப்பக்கம் வரிசையாக மூன்று விண்மீன்கள். அவற்றுக்கும் வலப்பக்கம் புகை படிந்தாற்போல் ஒரு மங்கல். "தாத்தா, சிஸ்டர் வகுப்பில் சொன்ன ஓரியன் நெபுலா இதுதான்!" என்று கூவினேன்.

நெபுலா என்பது வாயுவும் தூசியும் நிறைந்த மாபெரும் முகில். ஓரியன் நெபுலா புதிய விண்மீன்கள் பிறக்கும் தொட்டில். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன.

அண்ணனின் கேமராவைக் கைப்பிடிச் சுவரில் வைத்து 2 நிமிடம் திறந்து விட்டோம். படத்தில் விண்மீன்கள் யாவும் கோடுகளாகி, நெபுலாவும் இழுபட்டுக் கிடந்தது! காரணம் யாது? பூமி சுழல்வதால் வானம் நகர்வதாகத் தோன்றுகிறது. அந்த 2 நிமிடத்தில் ஓரியன் முழு நிலவின் அகல அளவு நகர்ந்துவிடுகிறது.

அப்படியாயின் நெபுலாவை எவ்வாறு படமெடுக்கின்றனர்? நம் கண் ஒளியைச் சேமிப்பதில்லை. ஒரு மணி நேரம் உற்று நோக்கினும் மங்கல் மங்கலே. புகைப்படத் தகடோ துளித்துளியாக ஒளியைச் சேர்த்து வைக்கும். அதுவரை தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்ப வேண்டும். இம்முறையில் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஏறத்தாழ 50 நிமிடம் காத்திருந்து, ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தார். 1883-இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்திலோ, தொலைநோக்கி வழியே பார்த்தும் கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்கள் தெரிந்தன.

நம் தமிழ்நாட்டிலும் இத்தகைய பெருங்கண் ஒன்று உண்டு. நகர விளக்குகளுக்கு எட்டாத ஜவ்வாது மலையில், காவலூரில் வானாய்வகம் அமைத்தவர் வைணு பாப்பு. அங்கே 2.34 மீட்டர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கியை உருவாக்க அவர் பாடுபட்டார். அது நிறைவேறுமுன் 1982-இல் மறைந்தார். 1986-இல் அவர் பெயரையே தாங்கி அது திறக்கப்பட்டது. நம் கண்ணைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேலான ஒளியை அது திரட்டுகிறது. இன்று தகட்டின் இடத்தில் மின்னணுக் கருவிகள் உள்ளன. ஆயினும் பொறுமையும் இருளும் இன்றும் வேண்டும்.

அன்றிரவு மின்சாரம் திரும்பியது. தெருவிளக்குகள் எரிந்தன, எங்கள் வாசலில் தொங்கிய காகித நட்சத்திரமும் ஒளிர்ந்தது. அண்ணாந்து பார்த்தேன். நெபுலாவைக் காணவில்லை! 1,300 ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளியை நம் விளக்கு ஒரு நொடியில் மறைத்துவிட்டதே! கீழே ஓடிக் காகித நட்சத்திரத்தை அணைத்தேன். தெருவிளக்கை நான் என்ன செய்ய இயலும்?

அன்புத் தோழியரே! தேவையற்ற விளக்குகளைச் சற்று நேரமேனும் அணைப்போம். இறைவன் ஏற்றிய விளக்குகளைக் கண்டு மகிழ்வோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி