ஒரே வீட்டில் நான்கு மதங்கள்

மகாத்மா ஜோதிராவ் புலே (1827–1890) கடவுளை நம்பினார். கடவுள் அருளியதாகச் சொல்லப்பட்ட எந்த நூலையும் நம்பவில்லை. புனேயில் பேஷ்வா ஆட்சியாளர்களுக்குப் பூ கொடுத்து வந்த மாலி சாதிக் குடும்பத்தில் பிறந்து, ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் படித்தவர். தாமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' நூல் இளம் வயதிலேயே அவரை ஆட்கொண்டது. உலகைப் படைத்தவரை 'நிர்மிக்' என்று அழைத்தார். அவரை அடையப் புரோகிதர் எதற்கு என்பதே புலேயின் கேள்வி.

1873இல் உரையாடல் வடிவில் வெளிவந்த அவருடைய 'குலாம்கிரி' (அடிமைத்தனம்) நூலில் ஜோதிராவும் தோண்டிபாவும் அவதாரக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலசுகிறார்கள். மூன்றடி மண் கேட்டு மகாபலியை வாமனர் பாதாளத்துக்கு அழுத்திய கதை நமக்கும் பழக்கமானதுதான். புலேயின் வாசிப்பில் மகாபலி, குடிகளை நன்றாக ஆண்ட மன்னன். வாமனன் வஞ்சகமாக நாட்டைப் பறித்த அந்நியன். வரலாறாக இது இன்று அப்படியே நிற்காது. ஆனால் புராணத்தைத் தோற்றவன் பக்கம் நின்று படிக்க முடியும் என்று காட்டியது பெரிய காரியம். அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று சத்யசோதக் சமாஜத்தை (உண்மை தேடுவோர் சங்கம்) புலே தொடங்கினார். புரோகிதர் இல்லாத திருமணங்கள் அதன் வழியே நடந்தன.

1888இல் பக்கவாதம் வலக்கையை முடக்கியது. இடக்கையால் எழுதிய கடைசி நூல் 'சார்வஜனிக் சத்ய தர்ம புஸ்தக்', அவர் மறைந்த பின் 1891இல் அச்சேறியது. படைத்தவனுக்கே அவன் படைத்த பூவைச் சாத்துவதில் என்ன பொருள் என்று அதில் கேட்கிறார், பூ விற்ற குடும்பத்தின் பிள்ளை.

அந்த நூலில் ஒரு வீடு வருகிறது. மனைவி பௌத்த நூலைப் படித்து அந்த வழியை ஏற்கலாம். கணவன் பைபிளைப் படித்துக் கிறிஸ்தவனாகலாம். மகள் குர்ஆனைப் படித்து முஸ்லிமாகலாம். மகன் புலே முன்வைத்த சத்ய தர்மத்தைத் தழுவலாம். யாரும் யாரையும் வெறுக்காமல், எல்லோரும் நிர்மிக்கின் பிள்ளைகள் என்று எண்ணி ஒன்றாக வாழலாம். மனைவியும் மகளும் தாங்களே படித்து, தாங்களே முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்கள் படிக்கவே கூடாது என்றிருந்த ஊரில் 1848இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தவர் எழுதியது இது.

அந்த வீட்டில் வேதத்துக்கு மட்டும் இடமில்லை. சகிப்புத்தன்மை பற்றி 1689இல் எழுதிய ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கும் நாத்திகரை வெளியே நிறுத்தினார். கடவுள் அச்சமற்றவரின் சத்தியத்தை நம்ப முடியாது என்பது அவர் காரணம். புலேயின் காரணம் வேறு: பிறரைப் படிக்கவிடாமல் தடுத்த நூலைப் பிற நூல்களோடு சமமாக வைக்க அவர் மனம் ஒப்பவில்லை. அவருடைய பகை நூலோடும் புரோகித அதிகாரத்தோடும்தான். பிராமண விதவை ஒருத்தியின் குழந்தையை அவரும் மனைவி சாவித்திரிபாயும் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பெயரிட்டுத் தங்கள் மகனாக வளர்த்தார்கள்.