சிங்கத்துக்குப் படுக்கை விரித்த சிறுவன்

ஏழு வயதுப் பையன் ஒருவன் சிங்கம் வளர்த்தான். ஊரே அதைக் கண்டு நடுங்கியது. அவனிடம் மட்டும் அது வாலைக் குழைத்தது. கூப்பிட்ட குரலுக்கு வரும். நாய்க்குட்டி போலப் பின்னாலேயே அலையும். அதற்குத் தீனி போடுவது, சௌகரியம் பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு. ராத்திரியானால் தன் அறையிலேயே அதற்கும் ஒரு படுக்கை விரித்துவிடுவான். ஒருமுறை மாறுவேட விருந்து ஒன்றுக்கு அதைக் கூட்டிக்கொண்டு போனான். கூட வந்திருப்பது சிங்க வேஷம் போட்ட சிநேகிதன்தான் என்று எல்லோரிடமும் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தான். நிஜம் தெரிந்தால் இவர்கள் என்ன ஓட்டம் ஓடுவார்கள் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டான்.

சிங்கம், விருந்து, பொய் எல்லாமே அவன் மனதுக்குள் நடந்தவை. 1936-ல் வெளியான தன் புத்தகத்தில் இந்தப் பையனைப் பற்றி எழுதியவர் அன்னா ஃபிராய்ட். சிக்மண்ட் ஃபிராய்டின் கடைசி மகள். குழந்தைகளின் மனதை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். அப்பாவிடம் இருந்த பயம்தான் சிங்கமாக உருவெடுத்தது, தன்னைப் பயமுறுத்தியதையே தனக்குக் காவலாக மாற்றிக்கொண்டு பையன் தப்பித்துக்கொண்டான் என்பது அவருடைய விளக்கம். கசப்பான நிஜத்தைக் கற்பனையில் மறுக்கும் வேலை இது என்றார். சின்ன வயதில் இது இயல்பு, வளர்ந்த பிறகும் தொடர்ந்தால் ஆபத்து என்றும் எச்சரித்தார்.

கெட்டிக்கார விளக்கம்தான். ஆனால் அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்தப் படுக்கை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. காவலுக்கு வைத்த சிங்கம் வாசலில் அல்லவா நிற்க வேண்டும்? அதற்கு எதற்கு ஏழு வயதுப் பையன் படுக்கை விரிக்கிறான்?

கண்ணுக்குத் தெரியாத துணைகளைப் பற்றி ஆய்வாளர்கள் எழுத ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் கிளாரா வோஸ்ட்ரோவ்ஸ்கி 1895-லேயே ஒரு கட்டுரை எழுதினார். 1934-ல் மார்கரெட் ஸ்வெண்ட்சன் ஒரு வரையறை கொடுத்தார்: அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும், குழந்தை அதோடு விளையாடவோ மற்றவர்களிடம் அதைப் பற்றிப் பேசவோ வேண்டும், சில மாதங்களாவது அது நீடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பலரும் இதை ஒரு குறையாகவே பார்த்தார்கள். ஆளில்லாத குழந்தை, கூச்சம் பிடித்த குழந்தை, ஏதோ கோளாறுள்ள குழந்தைதான் காற்றோடு பேசும் என்று முடிவுகட்டினார்கள். நம் பக்கம் கேட்கவே வேண்டாம். பிள்ளை மூலையைப் பார்த்துச் சிரித்தால், மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்ல ஒரு பாட்டியாவது இருப்பார்.

இந்த எண்ணத்தை அசைத்தவர்களில் முக்கியமானவர் ஒரிகன் பல்கலைக்கழகத்தின் மார்ஜரி டெய்லர். அவரும் ஸ்டெஃபனி கார்ல்சன் முதலானோரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வுக்காக 100 குழந்தைகளை மழலை வயதில் ஒருமுறையும், ஏழு வயதை ஒட்டி மறுபடியும் சந்தித்துப் பேசினார்கள். ஏழு வயதுக்குள் 65 சதவீதம் பேருக்கு எப்போதாவது ஒரு கற்பனைத் துணை இருந்திருக்கிறது. பொம்மைக்குப் பெயரும் குணமும் கொடுத்து உயிருள்ளதாக வளர்ப்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள் என்பது உண்மைதான். அப்படியே இருந்தாலும், துணை இல்லாத குழந்தைகள்தான் அங்கே சிறுபான்மை. 27 சதவீதம் குழந்தைகள் சொன்ன துணையைப் பற்றிப் பெற்றவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. பள்ளி வயதுக் குழந்தைகளின் துணைகளில் 41 சதவீதம் மிருகங்கள். ஒரு துணை மனுஷிதான், ஆனால் குழந்தை கேட்ட மிருகமாக மாறிக்கொள்வாள். டெய்லர் சேகரித்தவற்றில் எனக்குப் பிடித்தது டிப்பர் என்கிற டால்ஃபின். அது பறக்கும். உடம்பெல்லாம் நட்சத்திரம் மினுங்கும். குடியிருப்பதும் ஒரு நட்சத்திரத்தில். தூங்கவே தூங்காது.

அப்படியானால் தனிமைக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. தனிமை என்கிற ஒரே சொல்லுக்குள் இரண்டு நிலைகளை அடைத்து வைத்திருக்கிறோம். தனியாக இருப்பது ஒன்று, துணைக்கு ஏங்கித் தவிப்பது இன்னொன்று. தலைப்பிள்ளைகளுக்கும் ஒற்றைப் பிள்ளைகளுக்கும் கற்பனைத் துணை அதிகம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர்களுக்குத் தனியாகக் கழிக்கும் நேரம் அதிகம், அவ்வளவுதான். பழகத் தெரியாதவர்கள் அல்லர். சொல்லப்போனால் மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்குக் கூச்சம் குறைவு என்றே டெய்லரின் குழு கண்டது.

நிஜமாகவே தவித்த பிள்ளைகளையும் இதே குழு பார்த்திருக்கிறது. வழிதவறிப் போகும் அபாயம் அதிகம் என்று கருதப்பட்ட 12 வயதுப் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2010-ல் ஒரு கட்டுரை வந்தது. அந்த வயதிலும் கற்பனைத் துணை வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கூடப் படிப்பவர்களுக்கு அவர்களை அவ்வளவாகப் பிடிக்கவில்லை, வீட்டிலும் புகார்தான். ஆனால் பள்ளிப் படிப்பு முடியும் வயதில் பார்த்தால், அதே சூழலில் வளர்ந்த மற்றவர்களைவிட இவர்கள் தேறியிருந்தார்கள். கையளவு ஆட்களை வைத்துப் பெரிய கோட்டை கட்ட முடியாது. கோளாறின் அடையாளம் என்று பயந்தது, கோளாறைத் தாங்கிக்கொள்ள அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழியாகவும் இருக்கலாம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளை இதை நிஜமென்றே நம்பிவிடுமோ என்பது பெற்றவர்களின் அடுத்த பயம். டெய்லரின் குழுவினர் குழந்தைகள் எதிரே உட்கார்ந்து, உன் சிநேகிதன் எப்படி இருப்பான், எங்கே தூங்குவான் என்று மும்முரமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது குழந்தைகளே பலமுறை குறுக்கிட்டிருக்கிறார்கள். இது சும்மா விளையாட்டுக்குத்தான் என்று ஆய்வாளருக்கு நினைவூட்டியிருக்கிறார்கள். கூட்டாஞ்சோறு விளையாட்டில் விருந்தாளியாக உட்கார்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. கொட்டாங்குச்சியில் மண்சோறு பொங்கி, இலை போட்டு, “இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க மாமா” என்று உபசரிக்கிற பிள்ளை, மாமா நிஜமாகவே ஒரு பிடியை வாயருகே கொண்டுபோனால் பதறிக் கையைப் பிடித்துக்கொள்ளும். விளையாட்டின் எல்லை அதற்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியுமா என்பதில்தான் சந்தேகம்.

பொய் என்று தெரிந்த ஒன்று எப்படி ஆறுதல் தரும்? இங்கிலாந்தில் பால் ஹாரிஸ் குழுவினர் 1991-ல் வெளியிட்ட ஒரு சோதனையில் இதற்கு ஒரு நுனி கிடைக்கிறது. நான்கு வயது, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு காலிப் பெட்டியைக் காட்டினார்கள். சிலரை அதற்குள் முயல் இருப்பதாகவும், சிலரை பூதம் இருப்பதாகவும் நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நிஜத்தில் உள்ளே எதுவும் இல்லை என்று குழந்தைகள் தெளிவாகவே சொன்னார்கள். ஆனால் ஆய்வாளர் எழுந்து வெளியே போக முற்பட்டதும், பூதப் பெட்டியோடு இருந்த நான்கு வயதுக்காரர்களில் சிலர் அவரைப் போக விடவில்லை. அறிவு ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று செய்தது. ராத்திரியில் புளியமரத்தைத் தனியாகக் கடக்கிற நாத்திகர்களுக்கும் இந்தப் பெட்டி பழக்கமானதுதான்.

பெரியவர்களின் மூளையிலேயே இதைப் பார்த்திருக்கிறார்கள். 2018-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 68 பேருக்கு ஒரு குறிப்பிட்ட ஒலியோடு சேர்த்து லேசான மின் அதிர்ச்சி கொடுத்து, அந்த ஒலி என்றாலே பயப்படும்படி பழக்கினார்கள். பிறகு ஒரு குழுவுக்கு அதிர்ச்சி இல்லாமல் அதே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார்கள். இன்னொரு குழுவை அந்த ஒலியை மனதுக்குள் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவது குழு பறவைச் சத்தம், மழைச் சத்தம் என்று இனிமையானவற்றைக் கற்பனை செய்தது. காதால் கேட்டவர்களுக்கும் மனதால் கேட்டவர்களுக்கும் பயம் ஏறக்குறைய ஒரே மாதிரி தணிந்தது. மூன்றாவது குழுவுக்குத் தணியவில்லை. இந்தக் கடைசி விவரம் முக்கியம். சுகமான எதையோ நினைத்துக்கொண்டால் போதும் என்பதில்லை. பயத்தையே மனதில் கொண்டுவந்து அதோடு பழக வேண்டியிருக்கிறது. ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு அந்தப் பையன் சிங்கத்தைத் தேர்ந்தெடுத்தது வீண் போகவில்லை.

துணை தேடி இல்லாததை உண்டாக்குவது குழந்தைகளோடு நின்றுவிடுவதுமில்லை. நிக்கோலஸ் எப்லி குழுவினர் 2008-ல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ‘காஸ்ட் அவே’ படத்தின் ஒரு பகுதியைச் சிலருக்குப் போட்டுக் காட்டித் தனிமை உணர்வை வரவழைத்தார்கள். தீவில் ஒதுங்கிய கதாநாயகன் ஒரு வாலிபாலுக்கு முகம் வரைந்து, வில்சன் என்று பெயர் வைத்துப் பேசிக்கொண்டிருப்பானே, அந்தப் படம்தான். பார்த்து முடித்தவர்கள் தங்கள் நாயையோ பூனையையோ பற்றிச் சொல்லும்போது, அது பரிவுள்ளது, புரிந்து நடந்துகொள்வது என்று துணைக்கு ஆகிற குணங்களைக் கூடுதலாக ஏற்றிச் சொன்னார்கள். வளர்ப்புப் பிராணி நிஜமாக இருந்தால்கூட, அதன் பாதி நம் மனதில்தான் வளர்கிறது போலிருக்கிறது.

இனி படுக்கைக்கு வரலாம்.

2006-ல் இஸ்ரேலுக்கும் லெபனானின் ஹிஸ்புல்லா அமைப்புக்கும் போர் மூண்டபோது, வட இஸ்ரேலில் ராக்கெட் விழுந்த ஊர்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் முகாமில் தங்கின. எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே வயதுக் குழந்தைகள் அதே இரவுகளைத்தான் கழித்துக்கொண்டிருந்தார்கள். முகாமில் தூங்காமல், பெற்றவர்களை ஒரு கணமும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த சின்னக் குழந்தைகளுக்கு அவி சாதே, ஷை ஹென்-கால் முதலிய உளவியலாளர்கள் ஆளுக்கொரு நாய்ப் பொம்மை கொடுத்தார்கள். கட்டிக்கொள்ள வாகாக நீண்ட கைகள், சோகமான முகம். இந்த நாய் உன்னைக் காப்பாற்றும் என்று அவர்கள் சொல்லவில்லை. இது எப்போதும் சந்தோஷமாக இருக்கும் நாய், இப்போது வீட்டைவிட்டுத் தூரமாக வந்துவிட்டது, சிநேகிதர்கள் இல்லை, வாடிப் போயிருக்கிறது, நீ இதைப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். பொம்மை வாங்கிய குழந்தைகளின் பதற்றம் குறைந்தது என்று 2008-ல் வந்த அவர்களுடைய கட்டுரை சொல்கிறது. எந்தக் குழந்தை நாயோடு அதிகம் ஒட்டிக்கொண்டதோ அதற்கு அதிகமாகக் குறைந்தது. 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானியக் குழந்தைகளிடமும் இந்த நாய்கள் போய்ச் சேர்ந்தன.

ஒரு சின்னப் பிள்ளை நாள் முழுக்கப் பெற்றுக்கொள்கிற இடத்திலேயே இருக்கிறது. சோறு ஊட்டப்படுகிறது, தூங்கச் சொல்லப்படுகிறது, திட்டப்படுகிறது, சமாதானப்படுத்தப்படுகிறது. வாடிப் போன ஒரு நாய் கைக்கு வந்ததும் இடம் மாறிவிடுகிறது. இப்போது பெரிய ஆள் அந்தப் பிள்ளைதான். நாயைத் தேற்ற வேண்டுமானால் தேற்றுகிற வார்த்தைகளை அது தேடிப் பிடிக்க வேண்டும். சொல்லும்போது அதே வார்த்தைகள் தன் காதிலும் விழும். சிங்கத்துக்குப் படுக்கை விரித்த பையனும் தனக்கு வேண்டியிருந்ததைத்தான் விரித்தான் என்று நினைக்கிறேன். அன்னா ஃபிராய்ட் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இந்தத் துணைகள் சொன்னபடி கேட்பவையும் அல்ல. கூப்பிட்டால் வராதவை, போ என்றால் போகாதவை, எதிர்த்து வாதாடுபவை என்று டெய்லரிடம் நிறையக் குழந்தைகள் குறைபட்டிருக்கிறார்கள். தானே உண்டாக்கியது எப்படித் தன்னையே மீறும்? டெய்லர் இதே கேள்வியோடு 50 புனைகதை எழுத்தாளர்களைப் பார்த்தார். தங்கள் பாத்திரங்கள் தன்னிச்சையாக நடந்துகொள்வதை ஏதோ ஒரு அளவிலாவது உணர்ந்திருப்பதாக 92 சதவீதம் பேர் சொன்னார்கள்.

வீட்டில் இப்படி ஒரு நாயோ யானையோ வளர்ந்தால் பெரியவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அதற்கும் ஒரு தட்டு கேட்டால் வைக்கலாம். நாமாக அதற்குக் கதை சொல்லி எசமானாகிவிடக் கூடாது. அந்தத் துணை பிள்ளையைப் பயமுறுத்தினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளச் சொன்னாலோ மட்டும் குழந்தைகள் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் அறிஞர் ழான் பியாஜேயின் வீட்டிலும் ஒன்று வளர்ந்தது. அவருடைய மூத்த மகள் ஜாக்லின் நான்கு வயதை எட்டவிருந்த சமயம். பறவைக்கான பிரெஞ்சுச் சொல் ‘வாஸோ’. அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்த அவள், வேண்டுமென்றே கொஞ்சம் மாற்றி ‘ஆஸோ’ என்று ஒன்றை உண்டாக்கினாள். அது பெரிய பறவை. அதே சமயம் ஒருவகை நாயும்கூட. ஒருநாள் அதற்குச் சிறகு இருக்கும், இன்னொரு நாள் நீண்ட முடி இருக்கும். கைகளை விரித்து அதுபோலப் பறந்தாள். நாலு காலில் தவழ்ந்து உறுமினாள். காகிதத்தைக் கிழித்தால் ஆஸோ திட்டும் என்றாள். அது திட்டுமே என்று சாப்பாட்டு மேசையில் ஒழுங்காகச் சாப்பிட்டாள். மனம் வாடினால் அதுவே தேற்றியது. தகப்பனார் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைத்தார்.

ஏறக்குறைய இரண்டு மாதம் ஆஸோ அந்த வீட்டில் இருந்தது. பிறகு காணாமல் போனது. அது இருந்த இடத்துக்கு ஒரு குள்ளச் சிறுமி வந்து சேர்ந்தாள்.